கோடு வரைக்கும் மட்டும்

அக்கா, ஒரு நிமிஷம். கோவிச்சுக்காதீங்க. அந்த மருந்தை மூடியில ஊத்தாதீங்க.

பாட்டிலைக் கொஞ்சம் காட்டுறீங்களா? ஆமா, நான் நினைச்சது சரிதான். இது சொட்டு மருந்து. மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஒரு மூடி குடுப்பீங்கல்ல, அந்தப் பெரிய பாட்டில் வேற, இது வேற. பேரு ஒண்ணுதான், வாசனையும் அதேதான். ஆனா இது கைக்குழந்தைக்குன்னு கெட்டியாச் செய்யறது. இதை ஒரு மூடி ஊத்தினா நாலு மடங்கு உள்ள போயிடும். இது கூட ஒரு டிராப்பர் குடுத்திருப்பாங்களே, கோடு போட்டது? அட்டைப்பெட்டிக்குள்ளயா? பெட்டி பையிலயா? பை எங்க இருக்கு? டிரைவர் பக்கத்துல, என்ஜின் மேலயா. சரி, இந்தக் கூட்டத்துல அங்க போக முடியாது. எட்டயபுரத்துல பாதிப் பேர் இறங்கிடுவாங்க, அப்ப எடுத்துக்கலாம். அதுவரைக்கும் இந்தக் கைக்குட்டையை நனைச்சு நெத்தியைத் துடைங்க. நெத்தி லேசாத்தான் சுடுது. பயப்பட வேண்டாம்.

ஐயோ, நர்ஸ் எல்லாம் இல்லை அக்கா. பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடிச்சிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல இருக்கேன். பேரு பொன்வடிவு. மதுரைக்கு ஒரு நேர்காணலுக்குப் போறேன். ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. இந்த பஸ் பன்னிரண்டரைக்குள்ள போயிடும்ல? போயிடும்னு கண்டக்டர் சொன்னார், இருந்தாலும் கேக்கறேன். இந்த ஃபைலை இதோட எட்டாவது தடவை திறந்து பார்க்கறேன். மூணு செட் ஜெராக்ஸ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எல்லாம் இருக்கு. எங்க வீட்டுல பத்தாவதைத் தாண்டினதே நான்தான். அதனால எந்தக் காகிதம் முக்கியம், எது இல்லாட்டியும் பரவாயில்லைன்னு சொல்றதுக்கு ஆள் கிடையாது. எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துட்டேன்.

டாக்டருக்குத்தான் அக்கா. நீட் மூணாவது தடவை எழுதி, தனியார் கல்லூரி ஒண்ணுல இடம் வந்திருக்கு. அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குன்னு ஒதுக்கீடு இருக்கு, கட்டணமும் அரசாங்கமே கட்டிடும். நான் படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி. அதே சத்துணவு, அதே இலவசச் செருப்பு, ஆனா அந்த ஒதுக்கீட்டுல சேராது. அந்தக் கல்லூரிக் கட்டணத்தை எங்க அம்மா ஏழு ஜென்மம் உப்பு வாரினாலும் கட்ட முடியாது. ஆமா, அம்மா உப்பளத்துல வேலை. பேச்சித்தாய்னு பேரு. மதுரையில ஒரு அறக்கட்டளை இருக்கு. வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணமும் கட்டுறாங்க. மார்க் மட்டும் போதாது, ஒரு கட்டுரை எழுதணும். 'என் வாழ்வில் நான் கடந்து வந்த துயரமும், நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன் என்பதும்.' ரெண்டு பக்கத்துக்கு மேல போகக் கூடாது.

சிரிக்காதீங்க அக்கா. துயரத்துக்கு அளவு வச்சிருக்காங்கன்னு எங்க பயிற்சி வகுப்புலயும் சிரிச்சோம்.

தங்கத்துரை சார்னு ஒருத்தர், அவர்தான் எங்களுக்கு வகுப்பு எடுத்தவர். காசு வாங்க மாட்டார், நல்ல மனுஷன். வருஷா வருஷம் இந்த அறக்கட்டளைக்குப் பிள்ளைகளை அனுப்புறவர், அதனால எந்தக் கட்டுரை எடுபடும், எது எடுபடாதுன்னு அவருக்கு அத்துப்படி. நான் முதல்ல எழுதினதை வாங்கிப் படிச்சார். மழைக்கு ஒழுகுற வீடு, அம்மா காலு உப்புத் தண்ணியில வெடிச்சுப் போனது, அப்பா குடிச்சது, இதெல்லாம் எழுதியிருந்தேன்.

"ஏம்மா, தெருவிளக்குல படிச்சியா?"ன்னு கேட்டார்.

"இல்லை சார், வீட்டுல கரண்ட் இருக்கு."

"நல்லவேளை. போன வருஷம் பதினோரு பேர் தெருவிளக்குல படிச்சுட்டு வந்தாங்க."

அப்புறம் நோட்டை மூடி வச்சுட்டுச் சொன்னார், "வீடு ஒழுகுது, அப்பா குடி. இது நூத்துல எண்பது பேர் எழுதுறதும்மா. அங்க உக்காந்து படிக்கறவங்களுக்கு இது மரத்துப் போச்சு. உங்க வீட்டுல யாராவது செத்தாங்களா?"

அப்படியே கேட்டார் அக்கா, சாப்பிட்டியான்னு கேக்கற மாதிரி. அவரைத் தப்பு சொல்லலை. எங்களுக்காகத்தான் கேட்டார். பக்கத்துல ஜெனிட்டான்னு ஒரு பிள்ளை, அவ முகம் வாடிப் போச்சு. "எங்க வீட்டுல யாரும் சாகலையே சார்"ங்கறா, கணக்குல ஒரு மார்க் குறைஞ்ச மாதிரி. சார் யோசிச்சுட்டு, "தாத்தா?"ன்னார். "தாத்தா தொண்ணூத்தோரு வயசுல செத்தார் சார்." "அது கல்யாணச் சாவும்மா, அதுல என்ன துயரம்?" வகுப்பே விழுந்து சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

சிரிச்சுட்டு இருக்கும்போதே என் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

"ஒரு தம்பி இருந்தான் சார்"னேன்.

இருந்தான்னு சொன்னதும் சார் பேனாவைக் கீழ வச்சார்.

அக்கா, பிள்ளை கையை வாயில வைக்குது பாருங்க. பசியா இருக்கும். பால் குடுங்க, நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன். காதுல விழும்ல?

தம்பி பேரு இசக்கிமுத்து. ஒன்பது மாசம். எனக்கு அப்ப எட்டு வயசு, மூணாம் வகுப்பு லீவு. சித்திரை மாசம். உப்பு விளையுற நேரம் அது. அந்த மாசத்துல ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா மறுநாள் நம்ம பாத்தியில வேற ஆள் நிக்கும். அம்மா காலையில நாலு மணிக்கு வேன்ல போனா, திரும்பி வர மத்தியானம் ஆயிடும். அப்பா லாரியில உப்பு மூட்டை ஏத்தப் போயிடுவார். தம்பிக்குக் காய்ச்சல் வந்துச்சு. அம்மா மருந்துக் கடையில கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. இதே மாதிரி சின்ன பாட்டில். அதை டிராப்பர்ல குடுக்கறதுக்குப் பதிலா மூடியில குடுத்தாச்சு. மூணு நாள். நாலாம் நாள் அவன் கண்ணு மஞ்சளாயிடுச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஈரல் போயிடுச்சுன்னாங்க.

அங்க ஒரு டாக்டர். சின்ன வயசு, இப்ப எனக்கு இருக்கற வயசுதான் இருக்கும். அந்தக் காலி பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு, "இதை எப்படிக் குடுத்தீங்க? டிராப்பர்லயா?"ன்னு கேட்டாங்க. நான் "மூடியில"ன்னேன். அம்மா உடனே என் வாயைப் பொத்திட்டாங்க. நான் அழுதிடுவேன்னு பொத்தினாங்க. பொத்திக்கிட்டே, "நான்தாம்மா குடுத்தேன், மூடியில ஊத்தி. எனக்குப் படிக்கத் தெரியாது"ன்னாங்க. அம்மா கையில எப்பவும் உப்பு இருக்கும். என் உதடு எரிஞ்சுச்சு. அந்த டாக்டர் அம்மாவைத் திட்டவே இல்லை அக்கா. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, பாட்டிலை மேசையில வச்சாங்க. அந்த டாக்டர் மாதிரி ஆகணும்னுதான் நினைச்சேன். அதுதான் காரணம். அதைத்தான் கட்டுரையில எழுதினேன். அது உண்மை.

ஒரு மணி நேரத்துல எழுதி முடிச்சேன். சார் படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "இது போதும்மா. இதுதான் உன் கட்டுரை. எழுத்து தெரியாத தாய். ஒரு பாட்டில் மேல இருந்ததைப் படிக்கத் தெரியாததால ஒரு உயிர் போச்சு. அந்த வீட்டுல இருந்து ஒரு டாக்டர். இதை யாரும் தட்ட முடியாது"ன்னார். அப்புறம் ஒரு இடத்துல விரலை வச்சார். "மருந்து மூடியில் ஊற்றப்பட்டதுன்னு எழுதியிருக்கியே, யாரு குடுத்தது? அம்மாதானே?"

தலையாட்டினேன்.

"அப்ப அதைத் தெளிவா எழுதணும்ல"ன்னு சொல்லி, சிவப்புப் பேனாவால 'என் தாய்'னு அவரே சேர்த்தார்.

அதை எழுதினது நான் இல்லை அக்கா. சார்தான். வீட்டுக்கு வந்து நல்ல தாள்ல திருப்பி எழுதும்போது அவர் சேர்த்ததை அப்படியே எழுதினேன், அவ்வளவுதான். எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாங்க. அம்மாவே அப்படித்தான் சொல்வாங்க. அம்மா பொய் சொல்ற ஆள் கிடையாது.

அப்பாவும் அப்படித்தான் சொல்வார். 'பிள்ளையத் தின்னவ.' சோறு போடும்போது சொல்வார். தண்ணி மோந்து குடுக்கும்போது சொல்வார். குடிச்சுட்டு வந்தா அடி. சித்திரை பிறந்தாலே அம்மா முதுகுல வரி வரியா இருக்கும். நாலு வருஷம் அக்கா. நான் அப்பா காலைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்கேன், அடிக்காதீங்கப்பா, அடிக்காதீங்கப்பான்னு. எவ்வளவோ சொல்லிக் கெஞ்சியிருக்கேன். அப்புறம் ஒருநாள் அவர் கேரளா பக்கம் வேலைக்குப் போறேன்னு போனார், வரலை. அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. எனக்கு அது கோவமா வரும். ஏன் இப்படி வாயை மூடிக்கிட்டு அடி வாங்குறாங்கன்னு.

என்ன கேட்டீங்க?

இல்லை, அம்மா நாலு மணிக்குப் போயிடுவாங்கதான். அதைச் சொன்னேனே.

நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. எங்க வீட்டுக்கு வந்த மேடமும் அதைத்தான் கேட்டாங்க.

அறக்கட்டளையில ஒரு வழக்கம் இருக்கு அக்கா. கட்டுரை பிடிச்சுப் போச்சுன்னா வீட்டுக்கு ஒரு ஆள் வரும். வந்து, பெத்தவங்களை எதிர்ல உக்கார வச்சு, கட்டுரையைச் சத்தமாப் படிச்சுக் காட்டுவாங்க. எல்லாம் உண்மைதானான்னு கேட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிட்டுப் போவாங்க. பொய் எழுதிப் பணம் வாங்கினவங்க இருந்தாங்களாம், அதனால இந்த ஏற்பாடு. இது எனக்குத் தெரியாது. சார் சொல்லவே இல்லை. தெரிஞ்சிருந்தா வேற எழுதியிருப்பேனான்னு கேட்டா, அது தெரியலை.

ரெங்கநாயகி மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. ரிட்டயர்டு தலைமை ஆசிரியை, கதர்ச் சேலை. அன்னைக்கு அம்மா வேலை முடிஞ்சு அவசரமாக் குளிச்சு, பெட்டியில இருந்த சேலையைக் கட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுல ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு வச்சிருந்தாங்க. "எம்பிள்ளைய டாக்டருக்குப் படிக்க வைக்க ஆளு வாராவ"ன்னு தெரு முழுக்கச் சொல்லியாச்சு. மேடத்துக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வச்சு, மூடியைத் திறக்கத் தெரியாமத் திறந்து, பாதி தரையில கொட்டிச்சு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நல்லாத்தான் ஆரம்பிச்சது.

மேடம் படிக்க ஆரம்பிச்சாங்க. நல்ல குரல், வகுப்புல பாடம் படிக்கற மாதிரி நிறுத்தி நிறுத்தி. வீடு ஒழுகுறது வந்தப்ப அம்மா மேல கூரையைப் பார்த்தாங்க. காலு வெடிச்சது வந்தப்ப காலைச் சேலைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. தம்பி பேரு வந்துச்சு. அந்தப் பேரை எங்க வீட்டுக்குள்ள சத்தமா யாரும் சொல்லிப் பதினாலு வருஷம் ஆச்சு அக்கா. அப்புறம் அந்த வரி வந்துச்சு. 'எழுத்தறிவற்ற என் தாய் அந்த மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.'

அம்மா என்னைப் பார்த்தாங்க. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் கீழே கொட்டின கலரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

மேடம் முழுக்கப் படிச்சுட்டு, மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டினாங்க. பிறகு கண்ணாடிக்கு மேலாப் பார்த்து, "ஒரு சந்தேகம்மா. நீங்க காலையில நாலு மணிக்கு வேலைக்குப் போனா மத்தியானம்தான் வருவீங்கன்னு எழுதியிருக்கா. அப்ப பகல்ல குழந்தைக்கு மருந்து குடுத்தது யாரு?"ன்னு கேட்டாங்க.

நான் அந்தக் கட்டுரையை நாற்பது தடவை படிச்சிருப்பேன் அக்கா. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாம பார்த்தேன். அந்த ரெண்டு வரியும் ஒரே பக்கத்துல இருக்கு. அது என் கண்ணுல படவே இல்லை.

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "அந்த மூணு நாளும் நான் வேலைக்குப் போவலம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல்லா, எப்படிப் போவேன்? வீட்டுலதான் கிடந்தேன். நான்தான் குடுத்தேன். மூணு வேளையும் நான்தான் குடுத்தேன்"ன்னாங்க.

மேடம் என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?"ன்னாங்க.

நான் எழுந்து போய்த் துணி எடுத்துட்டு வந்து தரையைத் துடைச்சேன்.

கைநாட்டு வைக்கும்போது அம்மா விரல்ல ரேகையே விழலை. உப்பு அரிச்சு அரிச்சுக் கோடெல்லாம் போயிடுச்சு, ரேஷன் கடை மெஷின்லயும் விழாது. மேடம் மூணு தடவை மையைத் தொட்டு அழுத்தினாங்க. மூணு தடவையும் வெறும் நீலக் கறைதான். "பரவாயில்லை, இதுவே போதும்"னு சொல்லி எடுத்துக்கிட்டுப் போனாங்க. போகும்போது அம்மா தோளைத் தொட்டு, "மனசைத் தேத்திக்கோங்கம்மா, தெரியாமச் செஞ்சதுதானே"ன்னாங்க. அம்மா "ஆமாம்மா"ன்னாங்க.

அன்னைக்கு அம்மா என்கிட்ட எதுவும் கேக்கலை. நாற்காலியைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்து சோறு பொங்கினாங்க. எனக்குத்தான் இருப்புக் கொள்ளலை. "ஏம்மா வேலைக்குப் போகலைன்னு சொன்னே? அன்னைக்கு நீ போனேல்ல"ன்னு நானே கேட்டேன்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாங்க. "ஏட்டி, அந்த டிராப்பரு தண்ணித் தொட்டிக்குப் பின்னால கிடந்துச்சு. அவன அடக்கம் பண்ணின மறுநா வீடு கழுவையில பாத்தேன். எடுத்து அடுப்புல போட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாங்க. தட்டுல சோத்தைப் போட்டாங்க. நான் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் அக்கா, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

நேத்துச் சாயங்காலம் இந்த நேர்காணல் கடிதத்தை எடுத்து வைக்கும்போது அம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. மேடம் கொண்டு போன கட்டுரையையும் கடிதத்தோட திருப்பி அனுப்பியிருக்காங்க, அதோட கடைசியில ஒரு உறுதிமொழி இருக்கு. 'மேலே உள்ளவை அனைத்தும் உண்மை.' அம்மாவோட நீலக் கறை ஒரு பக்கம் விழுந்தாச்சு. என் கையெழுத்து மட்டும் பாக்கி. பாருங்க, காலியா இருக்கு. திருத்தம் இருந்தா செஞ்சு கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாங்கன்னு கடிதத்துலயே போட்டிருக்கு. அம்மா அந்த இடத்தை விரலால தடவிட்டு, "எழுதினத மாத்திராத பிள்ள. இத்தன வருசம் சொமந்தாச்சு. ஒரு காரியத்துக்கு ஆவட்டும்"ன்னாங்க. இன்னைக்குக் காலையில நான் எழும்பறதுக்குள்ள வேலைக்குப் போயிட்டாங்க.

எட்டயபுரம் வந்துடுச்சு. இறங்கட்டும், இறங்கட்டும். இப்ப போங்க அக்கா, பையை எடுத்துட்டு வாங்க. பிள்ளையை எங்கிட்டக் குடுங்க, நான் வச்சிருக்கேன். வாடா கண்ணு. என்ன கனம் இருக்கான்! இவனும் ஒன்பது மாசம்தானே? பத்தா.

மெதுவா, மெதுவா. பஸ் எடுக்கறான், கம்பியைப் பிடிச்சுக்கோங்க.

ஆ, இதுதான். இந்த டிராப்பர்தான். இதுல கோடு தெரியுதா? இவன் எடைக்கு அந்த ரெண்டாவது கோடுன்னு அட்டையில டாக்டர் எழுதியிருக்கார் பாருங்க. அந்தக் கோடு வரைக்கும் மட்டும்.

இல்லை அக்கா. நீங்களே ஊத்துங்க. நான் பிள்ளையைப் பிடிச்சுக்கறேன்.

டாக்டருக்குப் படிக்கப் போறவதான். ஆனா நான் குழந்தைகளுக்கு மருந்து குடுக்கறதில்லை. ரத்தம் எடுப்பேன், ஊசி போடச் சொன்னாலும் போடுவேன். இது மட்டும் வேண்டாம். நான் ஒரு தடவை குடுத்திருக்கேன்.

ஆமா. அவனுக்குத்தான்.

அம்மா காலையில போகும்போது டிராப்பரைக் காட்டி, இந்தக் கோடு வரைக்கும், அழுதா ஒரு தடவை, அதுக்கு மேல குடுக்காதன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. நான் அந்த டிராப்பர்ல தண்ணி உறிஞ்சி எறும்பு மேல பீச்சி விளையாடினேன். எங்கேயோ விழுந்துடுச்சு. தேடினேன், கிடைக்கலை. சொன்னா அடி விழும். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப வாங்கின பழைய பாட்டில் மூடி இருந்துச்சு, எனக்கு அதுலதானே குடுப்பாங்கன்னு அதுல ஊத்தினேன். குடிச்சான். இனிப்பா இருக்கும், நானும் மூடியை நக்கிப் பார்த்தேன். குடிச்சதும் தூங்கிட்டான். அவன் அழுதா மடியில இருந்து இறக்கி விட முடியாது, தூங்கினா நான் விளையாடப் போகலாம். அதனால அழுதப்ப எல்லாம் குடுத்தேன். பாட்டில் தீர்ந்து போச்சு. அம்மா, "அதுக்குள்ளயா?"ன்னாங்க. கொட்டிடுச்சும்மான்னேன். இன்னொண்ணு வாங்கிட்டு வந்தாங்க. அதையும் அப்படித்தான்.

பாட்டில் மேல இருந்ததை அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாது அக்கா. எனக்குத் தெரியும். மூணாம் வகுப்புல நான்தான் முதல் ரேங்க். எழுத்துக் கூட்டி அந்தப் பேரைப் படிச்சுத் தம்பிக்கே வாசிச்சுக் காட்டினேன்.

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. எப்படியோ உங்ககிட்ட வந்துடுச்சு. நீங்க யாரோ, நான் யாரோ, அதனாலயா இருக்கும். அக்கா, நான் என்ன யோசிக்கிறேன்னா, இதை இப்படியே நேர்காணல் எடுக்கற அந்த அஞ்சு பேர் முன்னால சொன்னா என்ன? அவங்க படிச்சவங்க. எட்டு வயசுப் பிள்ளைன்னு புரிஞ்சுக்க மாட்டாங்களா? இந்தத் தாள்ல அந்த ஒரு இடத்தை அடிச்சுட்டு, 'நான்'னு எழுதினாப் போதும். அம்மா பேர்ல இருந்து அது போயிடும்ல? நீங்க சொல்லுங்க. நீங்க ஒரு பிள்ளையைப் பெத்தவங்க, உங்களுக்கு எப்படித் தோணுது?

இருங்க, இருங்க. பிள்ளையைத் தர்றேன். மெதுவா. தலையைப் பிடிச்சுக்கோங்க.

ஆமா, முன்னால சீட்டு காலியா இருக்கு. இந்தப் பக்கம் வெயில்தான் அக்கா, பிள்ளை முகத்துலயே அடிக்குது. நானே சொல்லணும்னு நினைச்சேன். அந்தப் பக்கம் நிழல். பையையும் கொண்டு போறீங்களா. சரி. மருந்து பாட்டில் இந்தாங்க, என் கையிலயே இருக்கு. நான் ஒண்ணும் செய்யலை, சும்மா பிடிச்சிருந்தேன், மூடினபடியேதான் இருக்கு.

கைக்குட்டையை நீங்களே வச்சுக்கோங்க.

சரி. நல்ல நிழல்தான் அங்க.

பேனா ஃபைல்லயே இருக்கு. ரோடு போடுறாங்க போல, பஸ் குலுங்குது. ஒரு தடவை போட்டா அழிக்க முடியாது, நிதானமாப் போடணும். திருத்தம் எதுவும் இல்லை. பொ. பொன்வடிவு. பரவாயில்லை, நல்லாத்தான் விழுந்திருக்கு.

அக்கா! முன்னால இருக்கற அக்கா! கேக்குதா? அந்தக் கோடு வரைக்கும் மட்டும்தான். அவன் அழுதாலும் ஆறு மணி நேரத்துக்கு வேற குடுக்காதீங்க.